ஏரியில பச்சைப் பாசி படிஞ்சிருச்சா? பாக்டீரியா பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க (கிருஷ்ணகிரி, தர்மபுரி ஊர்க்காரங்களுக்கு)

ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு போற பக்கம் எங்க ஊரு. ஊருக்குக் கிழக்கால ஒரு ஏரி, கோடி போற (நிரம்பி வழியுற) அளவுக்கு நிறைஞ்சா 18 ஏக்கர், சித்திரை வைகாசியில 7 ஏக்கர் தான் தண்ணி நிக்கும். ரெண்டு வருஷமா மாசி பொறந்தாலே தண்ணி மேல பச்சை பெயிண்ட் ஊத்தின மாதிரி படலம் கட்டி, காத்து அடிக்கிற பக்கம் ஒதுங்கி, அழுகி, கரை மேல நடக்க முடியாத நாத்தம். "நல்ல பாக்டீரியா" விட்டா சரியாயிடும்னு கேள்விப்பட்டு நானும் எங்க தெரு பசங்க நாலு பேரும் இறங்கினோம், முதல் தடவை தப்பா பண்ணி மீனைச் சாகடிச்சோம், ரெண்டாவது தடவை தான் ஒழுங்கா வந்துச்சு. எந்த ஆபீஸ், எந்த பேப்பர், எவ்வளவு காசு, எந்த நேரத்துல எதுன்னு யாராவது வரிசையா முன்னாடியே சொல்லியிருந்தா எங்களுக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும், அதனால உங்களுக்குச் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கோங்க. பாக்டீரியா பாசியைக் கொல்லாது. பாசிக்குச் சாப்பாடு போடுற அடிச்சேத்தையும் அழுக்கையும் அது தின்னும், அதுக்கே காத்து வேணும், வெளிய இருந்து புதுசா சாப்பாடு வந்துட்டே இருக்கவும் கூடாது. அப்போ வரிசை என்னன்னா முதல்ல அழுக்கு வரத்தை அடைக்கணும், ரெண்டாவது காத்து குடுக்கணும், மூணாவது தான் பாக்டீரியா. எல்லாரும் மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறோம், அங்க தான் காசு போகுது.

1. முதல் வேலை: ஆடு மாட்டைத் தள்ளி ஓட்டுங்க

மத்ததெல்லாம் அப்புறம். நீலப்பச்சைப் பாசியில சில வகை விஷம் விடும், அதுல மைக்ரோசிஸ்டின்னு ஒண்ணு நேரா ஈரலைத் தாக்கும். குடிதண்ணியில அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, அவ்வளவு கொஞ்சம் போதும். கொதிக்க வெச்சா சரியாயிடும்னு எங்க ஊர்லயும் பேசிக்கிட்டாங்க, அது தப்பு, கொதிக்க வெச்சாலும் அந்த விஷம் போகாது, பாசி வெடிச்சு உள்ள இருக்கிறதும் தண்ணியில கலந்துரும்.

படலம் ஒதுங்கி நிக்கிற மூலையில தான் விஷம் அதிகம், மாடு தண்ணி குடிக்க இறங்குற இடமும் பெரும்பாலும் அதே தான். அந்தப் பக்கம் முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிடுங்க. பிள்ளைங்க குளிக்க வேணாம், துணி துவைக்கிறவங்ககிட்ட தோல் அரிக்குதான்னு கேளுங்க. தண்ணி குடிச்ச மாடு தள்ளாடுது, எச்சில் வடியுது, படுத்துட்டு எந்திரிக்கலைன்னா காத்திருக்காதீங்க, 1962க்கு போன் போட்டா கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

2. அது என்ன பாசின்னு பாருங்க, வீட்டிலேயே பாக்கலாம்

எல்லாப் பச்சையும் நீலப்பச்சை இல்ல. ஒரு நீளக் குச்சியை விட்டு எடுங்க. முடி மாதிரி, நூல் மாதிரி தொங்கிட்டு வந்தா அது சாதாரண நூல்பாசி, வலை போட்டு இழுத்துடலாம். குச்சி மேல பெயிண்ட் பூசின மாதிரி ஒட்டிட்டு வந்தா சந்தேகப்படணும்.

இன்னொண்ணு பாட்டில் டெஸ்ட். கையுறை போட்டுக்கிட்டு ஒரு கண்ணாடி பாட்டில்ல முக்கால் பங்கு தண்ணி பிடிச்சு, மூடி போட்டு, ஆட்டாம ஒரு ராத்திரி வெச்சிடுங்க. காலையில பச்சை கீழ படிஞ்சிருந்தா பெருசா பயம் இல்ல. தண்ணி மேல வளையமா மிதந்து நின்னா நீலப்பச்சையா இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா அதோட செல்லுக்குள்ள காத்துப் பை இருக்கு, மிதக்கும். எங்களுக்கு ஒரு விரல் கனத்துக்கு மேல நின்னுச்சு, கீழ தண்ணி டீத்தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு.

உறுதியா தெரியணும்னா பக்கத்துல இருக்கிற காலேஜ் தாவரவியல் துறைக்கு ஒரு பாட்டில் கொண்டு போங்க, மைக்ராஸ்கோப்ல பாத்து பேர் சொல்லிடுவாங்க, எங்ககிட்ட காசு வாங்கல. இதைச் செலவில்லாத வேலைதானேன்னு தள்ளிப் போடாதீங்க. மைக்ரோசிஸ்டிஸ்னு ஒரு வகை, அனபீனான்னு ஒரு வகை. அனபீனா காத்துல இருக்கிற நைட்ரஜனையே பிடிச்சு வளரும். கடையில விக்கிற நிறைய பவுடர் நைட்ரஜன், அம்மோனியாவைத் தான் குறைக்கும், அப்போ நைட்ரஜனைக் குறைச்சா அனபீனாவுக்கு ஒண்ணும் ஆகாது, போட்டி போடுற நல்ல பாசி தான் செத்துப் போகும். அந்த ஏரியில பாசியோட இன்னொரு சாப்பாடான பாஸ்பரஸைத் தான் பிடிக்கணும்.

3. ஏரி யாருது? இங்க தான் நாங்க மூணு வாரம் அலைஞ்சோம்

பொது ஏரியில நீங்க பாட்டுக்கு எதையும் கொண்டு போய் ஊத்தக்கூடாது, நல்லதுக்கே ஆனாலும். பொதுவா ஆயக்கட்டு (ஏரித் தண்ணி பாயுற நிலம்) 100 ஏக்கருக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. ஊர்ல இன்னும் பொதுப்பணித்துறைன்னு தான் சொல்லுவாங்க, 2021லயே நீர்வளத்துறை தனியா பிரிஞ்சிடுச்சு, மனுவுல பேரை மாத்தி எழுதுங்க. டவுனுக்குள்ள இருந்தா நகராட்சி, ஓசூர்னா மாநகராட்சி. நாங்க இது தெரியாம ஒரு ஆபீஸ்ல மனு குடுத்துட்டு, "இது எங்களுது இல்ல"ன்னு மூணாவது வாரம் கையில திருப்பி வாங்கிட்டு வந்தோம்.

அதனால முதல்ல விஏஓகிட்ட போய் சர்வே நம்பர் வாங்குங்க. அரசாங்கத்தோட இ-சர்வீஸ் சைட்ல அ-பதிவேடும் (சர்வே நம்பர்படி நில விவரம்) புலப்படமும் (நில அளவு வரைபடம்) பாத்துக்கலாம், பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. ஆயக்கட்டு எவ்வளவுன்னும் அப்போவே கேட்டுடுங்க.

மனுவோட நாங்க வெச்சது: அ-பதிவேடு நகல், புலப்படம், தேதி விழுந்த போட்டோ ஆறு, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், போடப்போற பவுடரோட லேபிள் போட்டோவும் கம்பெனி குடுத்த லேப் சர்டிபிகேட்டும், மீன் குத்தகைக்காரர் எழுதிக்குடுத்த சம்மதக் கடிதம், கிராம சபைத் தீர்மான நகல். இதுல கடைசி ரெண்டும் தான் கனம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனவரியில விட்டுட்டா மார்ச் 22 வரைக்கும் உக்காந்திருக்கணும், அதுக்குள்ள பாசி ஏறிடும். அதனால நவம்பர் 1லேயே தீர்மானம் போட்டு வெச்சிடுங்க, தண்ணி தெளிவா இருக்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது, நீங்க தான் ஞாபகப்படுத்தணும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரி விஷயத்தை எடுக்க அன்னைக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க, ஆனா அந்த வருஷத்துக்கு அது லேட்.

தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் இருந்தா நேரா பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். பதில் வரலைன்னா கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுங்க, ரசீது நம்பர் கண்டிப்பா வாங்குங்க. மாசாமாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் நடக்குது, அங்க எல்லாத் துறை ஆளுங்களும் ஒரே ஹால்ல இருப்பாங்க, ஆயக்கட்டு விவசாயி ஒருத்தர் எழுந்து கேட்டா வேகமா நகரும். சரியான ஆபீஸ்ல குடுத்த பிறகு எங்களுக்கு எழுத்துல பதில் வர 40 நாள் ஆச்சு.

கேஆர்பி டேம், கெலவரப்பள்ளி மாதிரி அணையில இதையெல்லாம் யோசிக்கவே வேணாம். கெலவரப்பள்ளியில நுரை பொங்குறதை எல்லாரும் பாத்திருக்கோம், அது தென்பெண்ணையில மேல இருந்து வர்ற கழிவு, நாலு பேர் டிரம் வெச்சுத் தீர்க்குற விஷயம் இல்ல. இந்த வழி சின்ன ஏரி, குளம், குட்டைக்குத் தான்.

4. தண்ணி டெஸ்ட்: எதைக் கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போங்க

"தண்ணி டெஸ்ட்"னு மொட்டையா சொன்னா குடிதண்ணி டெஸ்ட் பண்ணி உப்பு, கடினத்தன்மைன்னு குடுத்துடுவாங்க, அது இதுக்கு உதவாது. நீங்க கேக்க வேண்டியது மொத்த பாஸ்பரஸ், நைட்ரேட், அம்மோனியா, பிஓடி (தண்ணியில இருக்கிற அழுக்கு செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு), பிஎச் (புளிப்பு, கார அளவு). குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ரெண்டு மாவட்டத்துலயும் லேப் இருக்கு, அங்க எதெல்லாம் பண்ணுவாங்கன்னு முதல்ல போன்ல கேளுங்க. மீன் சம்பந்தமா தண்ணியைப் பாக்கணும்னா பாரூர்ல மீன்வளப் பல்கலைக்கழகத்தோட மையம் இருக்கு, நம்ம மாவட்டத்துக்குள்ளயே இப்படி ஒண்ணு இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. எங்களுக்கு டெஸ்டுக்கு மொத்தம் 2,000 ரூபாக்குள்ள முடிஞ்சுது. விஷம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் தனி, பெங்களூர்ல விசாரிச்சோம், ஒரு சாம்பிளுக்கே பல ஆயிரம் சொன்னாங்க, விட்டுட்டு "விஷம் இருக்கு"ன்னே வெச்சுக்கிட்டு நடந்துக்கிட்டோம்.

வீட்டுல ரெண்டு சாமான் கட்டாயம் வேணும். ஒண்ணு, தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் பாக்குற கிட், சொட்டு சொட்டா விட்டு கலர் மாறுறதைப் பாக்குறது, 1,800 குடுத்தோம். இன்னொண்ணுக்குக் காசே வேணாம், 20 சென்டிமீட்டர் அகலத் தட்டை நாலு பங்காப் பிரிச்சு கருப்பு வெள்ளை பெயிண்ட் அடிச்சு, 5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயித்துல கட்டி மெல்ல இறக்குங்க, தட்டு கண்ணுக்கு மறையுற ஆழத்தை எழுதுங்க. எங்க ஏரியில முதல் நாள் 10 சென்டிமீட்டர்லயே மறைஞ்சிடுச்சு. மீன் குட்டைக்கு 30, 40 இருந்தா நல்ல தண்ணிம்பாங்க.

ஆக்சிஜனை மத்தியானம் பாத்து ஏமாறாதீங்க. வெயில்ல பாசி தான் ஆக்சிஜன் விடும், அப்போ அளவு ஜம்முனு இருக்கும். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், விடிகாலை 4, 5 மணிக்குத் தான் தரை தட்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ போனா மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். டார்ச் எடுத்துட்டு அந்த நேரத்துக்குப் போய் பாருங்க, ஒரு வாரம் விடாம.

5. வரத்தை அடைக்கணும், இது தான் பாதி வைத்தியம்

எங்க ஏரிக்கு அழுக்கு மூணு வழியா வந்துச்சு. தெரு சாக்கடை ரெண்டு, ராஜகால்வாய்ல (ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற பெரிய வாய்க்கா) கலந்து நேரா உள்ள. மாட்டுக் கொட்டாய் கழுவின தண்ணி. அப்புறம் மேல தக்காளித் தோட்டத்துல போடுற டிஏபி, காம்ப்ளெக்ஸ் உரம், மழை பேஞ்சா அப்படியே வழிஞ்சு வரும். சோப்புத்தூள் தண்ணியும் இருக்கு.

இதை ஒண்ணும் பண்ணாம மேல பாக்டீரியா ஊத்துறது, மதகைத் திறந்து விட்டுட்டு ஏரியை நிரப்புற மாதிரி. நாங்க தெரு முனையில ரெண்டு உறிஞ்சிகுழி போட்டோம், தூய்மை பாரத இயக்கத்துல கேட்டா சமுதாய உறிஞ்சிகுழிக்கு ஊராட்சியில வழி இருக்கு, கேளுங்க. மாட்டுக் கொட்டாய்க்காரங்ககிட்ட சண்டை போடாம பேசினோம், சாணியைக் கழுவி விடாம வாரி குப்பைக்குழியில போட ஒத்துக்கிட்டாங்க, அஞ்சு வீட்டுல நாலு வீடு. தோட்டத்துப் பக்கம் வாய்க்கா ஓரமா வெட்டிவேர் ரெண்டு வரிசை நட்டோம். உரம் எவ்வளவு போடணும்னு மண்ணைப் பாத்து சொல்லச் சொல்லி பையூர் ஆராய்ச்சி நிலையம், எலுமிச்சங்கிரி கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்), தர்மபுரி பக்கம்னா பாப்பாரப்பட்டி கேவிகேன்னு போய் கேளுங்க, தேவையில்லாம போடுற டிஏபி மூட்டை மிச்சம்னா தோட்டக்காரரே உங்க பக்கம் வந்துடுவாரு.

மிதக்குற படலத்தையும் கையால எடுத்துடுங்க. காத்து ஒதுக்கின மூலையில ரெண்டு பேர் பழைய நைலான் புடவையைப் பிடிச்சு, கரைப் பக்கம் மெதுவா இழுத்து அள்ளினா ஒரு காலைக்கு பத்து பன்னிரண்டு அன்னக்கூடை வரும். கையுறை, பூட்ஸ், முகத்துல துணி. அந்தப் பாசியைக் கரை மேலயே கொட்டாதீங்க, மழை வந்தா திரும்ப உள்ள போயிடும். மாட்டுக்கும் போடாதீங்க, காய்கறிக்கும் போடாதீங்க, தண்ணிக்கு எட்டாத மேட்டுல குழி வெட்டி மூடுங்க. பாக்டீரியா பாஸ்பரஸைத் தின்னாலும் அது ஏரிக்குள்ள தான் சுத்திட்டு இருக்கும், செத்தா திரும்பத் தண்ணிக்கு வந்துரும். வெளிய போற வழி நீங்க அள்ளிப் போடுற பாசி, பிடிக்கிற மீன், வெட்டுற செடி, எடுக்கிற வண்டல், இவ்வளவு தான்.

6. பவுடர் வாங்குறது

லேபிள்ல பாக்டீரியா பேர் இருக்கணும். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் இருந்தா அடிச்சேறைச் செரிக்கும், நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் அம்மோனியாவை மாத்தும். ஒரு கிராமுக்கு எத்தனை சிஎஃப்யூ (உயிரோட இருக்கிற பாக்டீரியா எண்ணிக்கை), பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, இதெல்லாம் இல்லாம "சூப்பர் லேக் கிளீனர்"னு மட்டும் போட்டிருந்தா வாங்காதீங்க. செப்டிக் டேங்குக்கு விக்கிறதை ஏரிக்குன்னு தலையில கட்டுவாங்க, எங்களுக்கும் ஒருத்தர் கட்டப் பாத்தாரு. மீன், இறால் பண்ணைக்குன்னு வர்ற தண்ணி புரோபயாட்டிக் கேட்டு வாங்குங்க. நாங்க கிலோ 450க்கு வாங்கினோம். வெயில்ல வெச்ச பாக்கெட்டை எடுக்காதீங்க.

அளவு கணக்கு நீங்களே போடுங்க. ஒரு ஏக்கர்ல ஒரு அடி தண்ணின்னா ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். எங்களுக்கு 7 ஏக்கர், சராசரி 4 அடி, அப்போ சுமார் 3.4 கோடி லிட்டர். கிராமுக்கு 100 கோடி சிஎஃப்யூ இருக்கிற பவுடர் 1 கிலோ போட்டா ஒரு மில்லிக்கு எத்தனை வருதுன்னு பாத்தா 30 கூட இல்ல. ஏரித் தண்ணியில ஏற்கனவே ஒரு மில்லிக்கு 10 லட்சம் கணக்குல பாக்டீரியா இருக்கு. இந்தக் கணக்கை நாங்க ரெண்டாவது வருஷம் தான் போட்டோம், போட்ட உடனே ரெண்டு விஷயம் புரிஞ்சுது. முழு ஏரிக்கும் தூவுறது வீண், அழுக்கு நுழையுற மூலையைப் பிடிக்கணும். அப்புறம், அப்படியே தூவாம டிரம்ல பெருக்கிட்டுப் போடணும், அதுவும் ஒரு தடவையோட நிக்காம வாராவாரம்.

7. டிரம்ல வளர்க்குறது

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், பழசு 900 ரூபா. எண்ணெய், மருந்து இருந்த டிரம் வேணாம். போர்வெல் தண்ணி ஊத்துங்க, குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா பாக்டீரியா செத்துடும், வேற வழி இல்லைன்னா ஒரு நாள் வெயில்ல திறந்து வெச்சுட்டு எடுங்க. 3 கிலோ வெல்லத்தை வெந்நீர்ல கரைச்சு, ஆற விட்டு, வடிகட்டி ஊத்துங்க, சூடா ஊத்திடாதீங்க. 1 கிலோ பவுடர். மீன் தொட்டிக்குப் போடுற ஏர் பம்பு கொஞ்சம் பெருசா வாங்கி, கல்லை டிரம் அடி வரைக்கும் இறக்கி, 24 மணி நேரம் விடாம ஓட்டுங்க. நல்லா வந்ததுன்னா மேல பழுப்பு நுரை, பழைய கஞ்சி மாதிரி லேசா புளிச்ச வாசனை. அழுகின முட்டை நாத்தம் அடிச்சா காத்து பத்தல, கெட்ட பாக்டீரியா வளர்ந்திருக்கு, அதை ஏரியில ஊத்தாதீங்க, தண்ணிக்குத் தூரமா மண்ணுல குழி வெட்டி ஊத்திட்டு டிரம்மைக் கழுவி மறுபடி ஆரம்பிங்க. ராத்திரி கரண்ட் போச்சான்னு கேளுங்க, எங்களுக்கு அப்படித்தான் ஒரு டிரம் போச்சு.

8. காத்து குடுக்காம ஊத்தாதீங்க, நாங்க பண்ணின தப்பு

முதல் வருஷம் 10 கிலோ பவுடர், 30 கிலோ வெல்லம், எல்லாத்தையும் கலக்கி ஒரு மேகமூட்டமான சாயங்காலம் படித்துறை மூலையில மொத்தமா ஊத்திட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போனோம். விடிகாலை குத்தகைக்கார அண்ணன் போன். போய் பாத்தா அந்த மூலை முழுக்க கட்லாவும் ரோகுவும் மேல வந்து வாயைத் திறந்துட்டு நிக்குது, கையால தொட்டாக்கூட ஓடல. வெயில் ஏறுறதுக்குள்ள 60 கிலோ போல மிதந்துச்சு. அவர் எங்களைத் திட்டக்கூட இல்ல, கரையில உக்காந்துட்டாரு. அந்த மீன் காசை நாங்க அஞ்சு பேரும் பிரிச்சுக் குடுத்தோம், அது வேற விஷயம், ஆனா அவரோட நம்பிக்கை திரும்ப வர பத்து மாசம் ஆச்சு.

என்ன நடந்துச்சுன்னா, ஒரு கிலோ வெல்லம் முழுசா செரிக்க ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜன் வேணும். நம்ம கோடைச் சூட்டுல, 30 டிகிரி தண்ணியில, லிட்டருக்கு ஏழு ஏழரை மில்லிகிராம் தான் நிக்கும். அப்போ ஒரு கிலோ வெல்லம் லட்சம் லிட்டருக்கு மேல இருக்கிற தண்ணியோட மொத்த ஆக்சிஜனையும் இழுத்துடும். ராத்திரி, மேகம், காத்து இல்ல, ஏற்கனவே பாசி இழுத்துட்டு இருக்கு, அதுல போய் 30 கிலோவை ஒரே மூலையில கொட்டினோம்.

அதனால இப்போ எங்க வழக்கம் இது: வெயில் நல்லா அடிக்கிற நாள், காலை 9 மணிக்கு மேல, வாரத்துக்கு ரெண்டு டிரம், படித்துறையைச் சுத்தி 2 ஏக்கர் போல இருக்கிற மூலைக்கு மட்டும், பரிசல்ல போய் பரவலா. அன்னைக்கு விடிகாலை ஆக்சிஜன் 4க்குக் கீழ இருந்தா அன்னைக்கு ஊத்துறதில்ல. துடுப்பு ஏரேட்டர் (தண்ணியை அடிச்சுக் கிளறி காத்து ஏத்துற மெஷின்) ரெண்டு, செகண்ட்ஹேண்ட்ல 38,000. ஊத்தின நாளும் அடுத்த ரெண்டு ராத்திரியும் நடுராத்திரி 12 மணியிலிருந்து 5 மணி வரை ஓடும்.

கரண்ட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பக்கத்து விவசாய இலவச கனெக்ஷன்ல இருந்து ஒயர் இழுத்துடலாம்னு யோசனை வரும், பண்ணாதீங்க, பிடிச்சா பாவம் அந்த விவசாயி மாட்டுவாரு. தற்காலிக இணைப்பு கேளுங்க, இல்லைன்னா ஜெனரேட்டர். எங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கிற மாமா ஜெனரேட்டரைச் சும்மா குடுத்தாரு, டீசல் மட்டும் எங்களுது, ராத்திரிக்கு 475 போல. எந்த வழியா இருந்தாலும் எலக்ட்ரீஷியனை வெச்சு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானே கட் ஆகுற சுவிட்ச்) போட்டே ஆகணும், தண்ணிக்குள்ள கரண்ட் ஓடுது, உயிர் விஷயம்.

9. கூட எதைப் போடக்கூடாது

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டா ரெண்டே நாள்ல தெளியும்னு யாராவது வருவாங்க. தெளியும், உண்மை. பாசி ஒரே நேரத்துல சாகும், உள்ள இருந்த விஷமெல்லாம் தண்ணிக்கு வரும், அழுகும்போது ஆக்சிஜன் போய் மீன் சாகும், செம்பு சேத்துல தங்கிடும், நீங்க போட்ட பாக்டீரியாவும் போயிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். ஊர்ல யாரும் நல்லது பண்றேன்னு கொண்டு வந்து போடாம தண்டோரா போட்டே சொல்லிடுங்க.

10. செலவும் காலமும்

ரெண்டாவது வருஷம் எட்டு வாரத்துக்கு ஆன கணக்கு: டெஸ்ட் 2,000, ஆக்சிஜன் கிட் 1,800, டிரம் ரெண்டு 1,800, ஏர் பம்பு 2,500, பவுடர் 16 கிலோ 7,200, வெல்லம் 48 கிலோ 2,900 போல, ஏரேட்டர் 38,000, டீசல் 25 ராத்திரிக்கு 12,000 கிட்ட. மொத்தம் 68,000 சொச்சம். பாதிக்கு மேல ஏரேட்டர் தான், அது அடுத்த வருஷமும் ஓடும். நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு போக மீதியை அரசாங்கம் போடும், ஏரி வேலைக்கும் கேக்கலாம், ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும், நாங்க முடிச்சுட்டுக் கேட்டோம், கிடைக்கல.

எப்போ ஆரம்பிக்கணும்னா பாசி படலம் கட்டுறதுக்கு முன்னாடி, தை கடைசி, மாசி முதல் வாரம். சித்திரையில ஏரி பச்சையா மூடினப்புறம் ஆரம்பிச்சா அந்த வருஷம் விட்டுடுங்க, படலத்தை மட்டும் அள்ளுங்க.

முதல் மூணு வாரம் ஒரு மாத்தமும் தெரியல. நாலாவது வாரம் நாத்தம் குறைஞ்சுது. மூலைச் சேத்துல குச்சி விட்டா முன்னாடி கரி மாதிரி வர்றது பழுப்பா வர ஆரம்பிச்சுது. எட்டாவது வாரம் தட்டு 32 சென்டிமீட்டர்ல மறைஞ்சுது, நடு ஏரியில 25. இது முழுக்க பாக்டீரியாவால தான்னு நான் சொல்ல மாட்டேன், சாக்கடையை அடைச்சோம், நூறு கூடைக்கு மேல பாசி அள்ளினோம், நடுவுல ஒரு நல்ல மழையும் பேஞ்சுது. என்னைக் கேட்டா சாக்கடையை அடைச்சது தான் அதிகம் வேலை செஞ்சுது.

கோடையில முதல் பெருமழை பேயுற ராத்திரி கவனம். மேல குளிர்ந்த தண்ணி கீழ இறங்கி, அடியில ஆக்சிஜனே இல்லாம கிடந்த தண்ணி மேல வரும், தெளிஞ்சுட்டு வர்ற ஏரியிலயும் அன்னைக்கு மீன் திணறும். மழை விட்டதும் ஏரேட்டரைப் போட்டுடுங்க, தூக்கம் போனாலும் பரவாயில்ல.

11. வண்டல் எடுக்குற சீசனை விட்டுடாதீங்க

வருஷக்கணக்கா சேந்த பாஸ்பரஸ் அடி வண்டல்ல தான் இருக்கு. வைகாசியில ஏரி வத்தி கரையோரம் காய்ஞ்சிருக்கும்போது விவசாயிங்க வண்டல் எடுத்துக்க அரசாங்கம் கட்டணமில்லாம அனுமதி குடுக்குது, 2024ல இருந்து தாசில்தார் அளவுலயே முடியுது, இ-சேவை மூலமா விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர்னு அளவு இருக்கு. பட்டா, அடங்கல், ஆதார், விஏஓ சான்று ரெடியா வெச்சுக்கோங்க. எந்த ஏரியில எடுக்கலாம்னு மாவட்ட லிஸ்ட்ல உங்க ஏரி இருக்கான்னு மாசியிலயே பாத்துடுங்க, இல்லைன்னா சேர்க்கச் சொல்லி அதே குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க. பக்கத்துல ஃபேக்டரி கழிவு கலக்குற ஏரின்னா மண்ணை லேப்ல பாக்காம தோட்டத்துக்கு ஏத்தாதீங்க.

எங்க ஏரியில போன வைகாசி 11 பேர் எடுத்தாங்க, படித்துறை மூலையில மட்டும் ரெண்டு அடி ஆழம் கூடியிருக்கு. இந்தத் தையில முதல் டிரம் ஊத்துறப்போ குத்தகைக்கார அண்ணன் தான் பரிசல் தள்ளிட்டு வந்தாரு.